வராண்டாவுக்கு இந்தப் பக்கம்

எங்கள் ஸ்கேன் சென்டரில் டாக்டர் அறையில் ஒரு கம்ப்யூட்டர், என் அறையில் ஒன்று, வாசல் கவுன்டரில் ஒன்று. இவை தவிர கவுன்டருக்குப் பின்னாலுள்ள தடுப்பறையில் சர்வர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. ரிப்போர்ட்டுகள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருக்கும். நான் என் அறையில் உட்கார்ந்து அடித்தாலும் எழுத்து போய் விழுவது அந்தப் பெட்டிக்குள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். நானும் அப்படியே நினைத்துப் பழகியிருந்தேன். படித்தவள் என்பதால் உண்மை அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை வேலை நேரத்தில் யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

பொறியியலில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். கல்யாணமாகித் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்து, மகள் பிறந்து, அவள் நடக்க ஆரம்பித்த பிறகு, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் கிடைத்த வேலை இது. ரிப்போர்ட் அடிக்கத்தான் சேர்ந்தேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நெட் போனாலும் என்னையே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எனக்கு எதையும் இரண்டு தடவை பார்க்கும் பழக்கம் உண்டு. சிலிண்டரை மூடிவிட்டு வாசல் வரை வந்து, திரும்பிப் போய்ப் பார்ப்பேன். மகள் தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். "புள்ளைய தூங்க விடுறியா, எழுப்பி எழுப்பி உசுரு இருக்கான்னு கேப்பியா?" என்று மாமியார் சிரிப்பார். சென்டரிலும் அப்படித்தான். சேவ் கொடுத்துவிட்டு மறுபடியும் ஒரு சேவ் கொடுப்பேன். கவுன்டர் அக்கா ஒரு நாள் என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஏன்டி, ஒரு தடவ அமுக்குனா அது கேக்காதா? செவிடா?" என்றார்.

அந்த அக்கா என்னைவிட நிறைய மூத்தவர். சென்டர் தொடங்கிய நாளிலிருந்து கவுன்டரில் இருக்கிறார். பில் போடுவது, டோக்கன் கொடுப்பது, ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு மாதக் கர்ப்பத்துக்கும் ஒரு மாதிரி ரிப்போர்ட் வைத்திருந்தோம். அதில் எல்லாம் நன்றாக இருக்கும். தலை கீழே இருக்கும், துடிப்பு சீராக இருக்கும், பனிக்குட நீர் போதுமான அளவு இருக்கும். ஒரு பெண் பதிவு செய்ததுமே நான் அந்த மாதிரியைப் பிரதி எடுத்து, அவள் பெயர், வயது, தேதி, டோக்கன் எண் போட்டுச் சர்வரில் வைத்துவிடுவேன். அங்கே பெயர் வந்தால்தான் கவுன்டரில் பில் போட முடியும். பிறகு டாக்டரம்மா ஸ்கேன் செய்துகொண்டே இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள ஜன்னல் வழியாகச் சொல்லச் சொல்ல, மாதிரியில் இருப்பதை அழித்து அந்தப் பெண்ணின் வயிற்றில் உண்மையாக இருப்பதை எழுதுவேன்.

எண்களையாவது காலியாக விடலாமே என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். முன்பு ஒரு தடவை காலியாகவே பிரிண்ட் ஆகிப் போய், வீட்டுக்காரர்கள் வந்து சண்டை போட்டார்களாம். காலியாகப் போவதைவிட நிரம்பிப் போவது மேல் என்று மேனேஜர் முடிவு செய்திருந்தார். டாக்டரம்மா மத்தியானத்துக்கு மேல் மன்னார்குடியில் இன்னொரு சென்டருக்குப் போய்விடுவார். அதனால் முன்னாலேயே கையெழுத்துப் போட்ட லெட்டர்ஹெட் கட்டு ஒன்று கவுன்டரில் இருக்கும். தூரத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் போய்விடும் என்பதால் இந்த ஏற்பாடு. இதெல்லாம் தவறு என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் வேலையைச் சீக்கிரம் முடித்து நல்லபடியாக அனுப்பவே பார்த்தோம்.

அந்தப் பெண் வந்தது தை மாதத்தில். சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. முத்துப்பேட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம். தலைப்பிரசவம், ஒன்பதாம் மாதம். மாமியாரோடு வந்திருந்தாள். தண்ணீர் குடிக்க வழி கேட்டு என் அறைக்குள் எட்டிப் பார்த்தவள், மேசைமேல் இருந்த போனில் என் மகளின் படத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"உங்க பாப்பாவாக்கா? நல்லா கொழுகொழுன்னு இருக்கு."

"இப்பதான் கொஞ்சம் தேறியிருக்கா. உனக்கு எப்போ டேட்டு?"

"மாசிப் பொறப்புக்கு மேலங்குறாங்க. எங்க வீட்டுக்காரரு அறுப்பு மிஷின் ஓட்டுறாரு. 'தை முடியிற வரைக்கும் வந்துடாதடா, அப்பனுக்கு லீவு கெடையாது'ன்னு வயித்தப் பாத்து தெனம் சொல்லிட்டுப் போவாரு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அவளுடைய ஸ்கேன் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. ஸ்கேன் மிஷினுக்கும் எங்கள் கம்ப்யூட்டர்களுக்கும் சர்வருக்கும் பிரிண்டருக்கும் யு.பி.எஸ். இருந்ததால் வேலை நிற்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவின் குரல் மட்டும் மெதுவானது. பனிக்குட நீர் மிகவும் குறைவு. குழந்தையின் எடை இருக்க வேண்டியதைவிடக் குறைவு. தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. இன்றே மருத்துவமனையில் சேர்த்துக் கண்காணிக்க வேண்டும். கடைசி வரியை டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லி, தடித்த எழுத்தில் போடச் சொன்னார். அப்புறம் அந்தப் பெண்ணிடம் தமிழில் சொன்னதும் எனக்குக் கேட்டது.

"தண்ணி கொறஞ்சிருக்கும்மா. ரிப்போர்ட்ட வாங்கிட்டு நேரா திருவாரூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடு. வீட்டுக்குப் போயிட்டு அப்பறமாப் போறேன்னு இருக்காத, என்ன?"

"சரிங்க மேடம்."

நான் எழுதினேன். சேவ் கொடுத்தேன். இன்னொரு தடவையும் கொடுத்தேன். மூடினேன். மனசு கேட்காமல் மறுபடி திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. தடித்த எழுத்திலிருந்த வரியும் இருந்தது. வாசல்படியில் நின்று, "அக்கா, ரெடி!" என்று குரல் கொடுத்தேன். வராண்டாவின் அந்தக் கோடியிலிருந்து, "சரிடி" என்று பதில் வந்தது.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. டாக்டரம்மா மன்னார்குடிக்குக் கிளம்பினார். நான் மிச்சமிருந்த ரிப்போர்ட்டுகளை அடிக்கப் போனேன்.

சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கும் கூட்டம் குறைந்ததும் கவுன்டர் அக்கா கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு என் அறைக்கு வந்தார்.

"இந்தா, தின்னு. மிஷின்காரர் பொண்டாட்டி வந்துச்சே, அதோட மாமியாக்காரி கடைக்கு ஓடிப்போயி வாங்கியாந்து குடுத்துட்டுப் போச்சு."

"எதுக்கு?"

"தண்ணி எப்புடி இருக்குன்னு பேப்பரப் படிச்சுச் சொல்லுன்னுச்சு. டாக்டரு ஏதோ கொறச்சலுன்னு சொல்லிட்டாங்களாம், பாவம், ரெண்டும் அழுதுக்கிட்டு நின்னுதுங்க. படிச்சுப் பாத்தேன், போதுமான அளவு இருக்குன்னு போட்டிருந்துச்சு. இந்தப் பொண்ணு சரியாக் கேட்டுக்கல போலருக்கு. 'ஆத்தா, என் வயித்துல பால வார்த்த'ன்னு அந்தம்மா என் கையைப் புடிச்சுக்கிச்சு."

"போதுமான அளவுன்னா போட்டிருந்துச்சு?"

"ஆமாடி. இங்கிலீஷ் அவ்வளவுகூடவா எனக்குத் தெரியாது?"

மிட்டாயை மேசைமேல் வைத்துவிட்டுக் கவுன்டருக்கு நடந்தேன். அவர் கம்ப்யூட்டரில் அந்த ரிப்போர்ட்டைத் திறந்தேன். பனிக்குட நீர் மிகவும் குறைவு என்றே இருந்தது. பின்னாலேயே வந்த அக்கா திரைக்கு அருகே குனிந்து பார்த்தார். "நா பாத்தப்ப இப்புடி இல்லடி. சாமி சத்தியமா இல்ல. கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு?"

அவர் கண்ணில் கோளாறு இல்லை என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. வராண்டாவில் ஓடினேன். நடுவில், சுவரில் உயரமாக, என் அறைக்கும் டாக்டர் அறைக்கும் வரும் கேபிள்கள் சேரும் சிறிய பெட்டி ஒன்று உண்டு. அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். யு.பி.எஸ். பிளக்கில் இருக்க வேண்டியது சாதாரண பிளக்கில் இருந்தது. யு.பி.எஸ். பிளக்கில், சாமி படங்களுக்கு முன்னால் எரியும் சிவப்பு விளக்கு இருந்தது.

"கரண்ட் போறப்பல்லாம் சாமி வெளக்கு அணைஞ்சு போவுது, நல்லாவா இருக்குன்னு மேனேஜருதான் எலக்ட்ரீஷியன விட்டு மாத்துனாரு" என்றார் அக்கா. "அந்தப் பொட்டி எதுல இருந்தா என்ன? கரண்ட் வந்தா அதுவும்தான் வந்துடுதே."

ஆமாம். கரண்ட் வந்ததும் அதுவும் வந்துவிட்டது. நடுவில் போன நேரத்தைத்தான் நான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

நாம் ஒவ்வொரு எழுத்தாக அடிக்கும்போதும் எந்திரம் சர்வருக்கு ஓடிப் போய்வந்தால் வேலை நகராது. அதனால் சர்வர் ஒரு ஏற்பாடு செய்யும். இந்தக் கோப்பை இப்போது நீ மட்டும்தான் தொடுகிறாய், எழுதுவதை உன்னிடமே வைத்துக்கொள், சாவகாசமாகக் கொண்டுவந்து கொடு, வேறு யாராவது கேட்டால் கூப்பிடுகிறேன், கூப்பிட்டதும் கையில் இருப்பதை எல்லாம் ஒப்படைத்துவிடு என்று சொல்லும். அந்தப் பொறுப்பு கையில் இருக்கும்வரை, சேவ் கொடுத்தாலும் கோப்பை மூடினாலும் எழுதியது என் எந்திரத்தின் நினைவிலேயே இருக்கலாம். நான் சந்தேகப்பட்டுத் திறந்து பார்த்தபோதும் எந்திரம் தன்னிடம் இருந்ததைத்தான் எனக்கு எடுத்துக் காட்டியது. நான் சோதித்தது சர்வரை அல்ல. என்னையே கேட்டு நானே ஆமாம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா பிரிண்ட் எடுக்கக் கோப்பைக் கேட்டபோது சர்வர் விதிப்படி என் எந்திரத்தைக் கூப்பிட்டிருக்கும். கூப்பிட்ட குரல் வராண்டாவில் செத்துக் கிடந்த அந்தப் பெட்டியைத் தாண்டவில்லை. கவுன்டரும் சர்வரும் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். "அப்ப ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருந்துச்சுடி, அப்பறம்தான் தொறந்துச்சு" என்றார் அக்கா. அந்தச் சுற்றல்தான் சர்வர் எனக்காகக் காத்திருந்த நேரம். பதில் வராததால் பொறுப்பை ரத்து செய்துவிட்டு, தன்னிடம் இருந்ததை அக்காவிடம் கொடுத்துவிட்டது. தன்னிடம் இருந்தது காலையில் நான் பெயர் மட்டும் போட்டு வைத்த மாதிரி ரிப்போர்ட்.

அதற்குப் பின் நடந்ததுதான் மோசம். கரண்ட் வந்து பாதை திறந்ததும் என் எந்திரம் கையில் வைத்திருந்ததைக் கொண்டுபோய்ச் சர்வரில் இறக்கிவிட்டது. அதன் பொறுப்பு ரத்தாகியிருந்தது. வேறு ஒருவர் அந்தக் கோப்பை எடுத்துப் போயிருந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் எந்திரம் எழுதாமல் நின்று, "நீ எழுதியது போய்ச் சேரவில்லை" என்று என்னிடம் கத்தியிருக்க வேண்டும். அல்லது வேறு பெயரில் தனியாக வைத்திருக்க வேண்டும். அது சத்தமில்லாமல் பழையதன் மேல் புதியதை எழுதிவிட்டது. எல்லாத் திரைகளிலும் ஒரே ரிப்போர்ட், சரியான ரிப்போர்ட். தவறு நடந்த தடமே இல்லை. இதெல்லாம் கல்லூரியில் ஒரு பாடமாகவே இருந்தது. பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன்.

தவறான தாள் மட்டும் முத்துப்பேட்டைப் பஸ்ஸில் போய்விட்டிருந்தது.

பதிவில் இருந்தது கணவனின் போன் நம்பர். அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. அறுப்பு மிஷினின் மேல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எப்படிக் கேட்கும்? டாக்டரம்மாவை அழைத்தேன்.

"நா வாயால சொன்னேனேம்மா!"

"பேப்பர்ல வேற மாதிரி போயிடுச்சு மேடம்."

"என்னம்மா சொல்ற? எப்படியாவது ஆளப் புடி. இன்னைக்கு அட்மிட் ஆவலன்னா நா பொறுப்பில்ல."

மேனேஜர் தன் அறையிலிருந்து வந்தார். முதலாளியின் மைத்துனர், எதற்கும் குரல் உயர்த்தாதவர். "பதறாதம்மா. இப்ப சிஸ்டத்துல சரியாயிடுச்சுல்ல?"

"சிஸ்டத்துல சரியாயிடுச்சு சார். அவங்க கையில சரியாகல."

அவளை ஸ்கேனுக்கு அனுப்பிக் கிராமத்துச் செவிலியர் எழுதிக் கொடுத்த சீட்டில் அவர் நம்பர் இருந்தது. நல்லவேளையாக உடனே எடுத்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "இப்பதானே அந்தப் பேப்பர என்கிட்ட காட்டிட்டுப் போச்சு அந்தப் பொண்ணு? நல்லாத்தானே போட்டிருந்துச்சு?" என்றார். தவறு என்றேன். சரியானதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். கையெழுத்துப் போட்ட லெட்டர்ஹெட்டில் பிரிண்ட் எடுத்துப் படம் பிடித்து அனுப்பினேன். வண்டியை எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்கே போனார்.

அங்கிருந்து அவர் மறுபடி கூப்பிட்டபோது பின்னால் நாலைந்து குரல்கள் கேட்டன.

"ரெண்டும் என் கையில இருக்கும்மா. ஒரே பேரு, ஒரே தேதி, ஒரே டோக்கன், ஒரே டாக்டரு கையெழுத்து. ஒண்ணுல நல்லாருக்கு, ஒண்ணுல மோசம். இதுல எது முன்னாடி, எது பின்னாடின்னு எங்கயுமே இல்லையே? நா எதச் சொல்லி இவங்கள கெளப்புறது?"

இல்லைதான். எது முதல் எழுத்து, எது திருத்தம் என்று சொல்ல எந்த அடையாளமும் நாங்கள் வைத்திருக்கவில்லை. கல்லூரியில் இதற்கும் விடை இருந்தது. ஒவ்வொரு முறை மாறும்போதும் ஓர் எண் கூட வேண்டும். எங்கள் ரிப்போர்ட்டில் அப்படி ஒரு எண்ணுக்கு இடமே கிடையாது.

மாமியாரின் குரல் போனுக்கு அருகில் வந்தது. "காத்தால ஒண்ணு சாயந்திரம் ஒண்ணா? இது என்ன ஞாயம்? பிரைவேட்டு ஆஸ்பத்திரில சேத்து வயித்தக் கிழிக்கிறதுக்கு ஆள் புடிக்கிறீங்களா? என் ஓரகத்தி மருமவளுக்கும் இப்படித்தான் பண்ணுனானுவ."

"பெரியாஸ்பத்திரிக்குத்தாம்மா போவச் சொல்றேன். எங்களுக்கு இதுல ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா இத்தன போனு?"

நான் அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அக்கா, அந்த ரூம்ல இருந்தீங்களே, பாப்பா படம் வெச்சிருந்தீங்களே, நீங்களா?"

"நாந்தாம்மா. நா டைப் பண்ணுனது இதுதான். டாக்டரம்மா உன்கிட்ட சொன்னதும் இதுதான். அந்தப் பேப்பரு தப்பு. கெளம்பும்மா."

"அவரு வந்துரட்டும்க்கா. நெல்லு சாஞ்சு கெடக்காம், ராத்திரிக்கி முடிச்சுட்டு வந்துருவாரு. வந்தோன்ன போயிடுறோம். புள்ள இப்பகூட ஒதைக்குதேக்கா."

நூற்றெட்டுக்குச் சொல்லிவிட்டதாகச் செவிலியர் பிறகு சொன்னார். வண்டி வந்து வாசலில் நின்றது. மாமியார் ஏற விடவில்லை. மகன் வந்தபின் விடியற்காலையில் காரில் போய்க்கொள்கிறோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த அம்மாளை நான் குறை சொல்லமாட்டேன். முதலில் ஒரு மனுஷி வாயால் சொன்னார். அப்புறம் கையெழுத்தோடு தாள் ஒன்று வந்து அதை மறுத்தது. சாயங்காலம் போனில் இன்னொன்று வந்து தாளை மறுத்தது. தாளைத்தான் கவுன்டரில் ஒருவர் படித்துச் சொன்னார், நர்ஸம்மாவும் பார்த்துத் தலையசைத்தார். நானாக இருந்தாலும் தாளைத்தான் நம்பியிருப்பேன்.

கடைசிப் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். அதில் ஏறும்போதும், எதிர்ப்பக்கம் நிற்கும் முத்துப்பேட்டைப் பஸ்ஸில் ஏறினால் என்ன என்று நினைத்தேன். போய் என்ன சொல்வேன்? போனில் சொன்னதையேதான். நேரில் என் முகத்தைப் பார்த்தால் நம்பியிருப்பார்களா? மகள் பாலுக்கு அழுகிறாள் என்று என் மாமியார் கூப்பிட்டபடி இருந்தார்.

மறுநாள் காலையில், நான் மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கணவன் கூப்பிட்டான்.

"மேடம், உங்க மிஸ்டு காலா கெடக்கு. மிஷின் சத்தத்துல கேக்கலைங்க. இப்ப கார்ல போயிட்டிருக்கோம்."

"போங்க, சீக்கிரம் போங்க."

"விடியக்காலைலேந்து அசைவு தெரியலங்குறா. தூங்குதோ என்னமோன்னு எங்கம்மா சொல்லுது. அப்படித் தூங்குமாங்க?"

நான் தூங்கும் என்றேன். சில நேரம் தூங்கும், போங்க என்றேன்.

பெரியாஸ்பத்திரியில் துடிப்பு கிடைக்கவில்லை. மருந்து கொடுத்துப் பிரசவிக்க வைத்தார்கள். ஆண் குழந்தை. செவிலியர்தான் போனில் சொன்னார். நீர் பல நாளாகவே குறைந்து வந்திருக்கும், முந்தைய நாள் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்ற முடியாமலும் போயிருக்கலாம் என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னாராம். நான் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொள்கிறேன். ஒன்றுமே என்னைத் தாங்குவதில்லை.

சர்வர் போட்டுக் கொடுத்த கம்பெனி ஆளைக் கூப்பிட்டேன். "ஸ்பீடுக்காக அப்படி வெச்சதுதான் மேடம். வேணும்னா உடனுக்குடன் அனுப்புற மாதிரி மாத்திடலாம். சேவ் ஆக லேட்டாகும், அப்பறம் என்னைத் திட்டக் கூடாது" என்றார். மாற்றச் சொன்னேன். மாதிரி ரிப்போர்ட்டுகளில் இருந்த எண்களையும் வரிகளையும் யாரிடமும் கேட்காமல் அழித்தேன். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுப் போனார். மத்தியானம் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அவங்க ஆளுங்க வந்தா நீ எதுவும் பேசாத. சிஸ்டத்துல என்ன இருக்கோ அதத்தான் கணக்குல எடுத்துப்பாங்க. சிஸ்டத்துல சரியாத்தான் இருக்கு. பேப்பர அவங்க எங்கேருந்து கொண்டாந்தாங்கன்னு நமக்குத் தெரியாது."

"அக்காதான் சார் பிரிண்ட் எடுத்தாங்க."

"அந்த அம்மாவுக்கு ரிட்டயர் ஆவுற வயசு. அதையும் நெனச்சுக்க."

மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவர்கள் வந்தார்கள். கார் வாசலில் நின்றது. கணவன் மட்டும் உள்ளே வந்தான். கறுத்து மெலிந்த இளைஞன்; காதோரத்தில் நெல் தூசு இன்னும் ஒட்டியிருந்தது போலிருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. ஒரு கையில் தாள், இன்னொரு கையில் போன். சண்டைக்கு வந்தவன் மாதிரி இல்லை. இரண்டையும் கவுன்டர்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"இதுல எது மொதல்ல எழுதுனதுன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். ஊர்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நல்லதா எழுதிட்டு, அப்பறம் கேஸ் ஆயிடும்னு மாத்துனீங்கங்குறாங்க. எங்கம்மா, எல்லாத்துக்கும் நாந்தான் காரணம்னு சோறு திங்காம கெடக்குது."

மேனேஜர் திரையை அவன் பக்கம் திருப்பினார். "பாருங்க தம்பி, எங்க சிஸ்டத்துல ஒண்ணுதான் இருக்கு. சரியானதுதான் இருக்கு. டைம்கூடப் போட்டிருக்கு, உங்க வீட்டம்மா இங்க இருந்தப்ப எழுதுனது."

"அப்ப இந்தப் பேப்பரு?"

"அது எங்களுக்குத் தெரியாது தம்பி."

கவுன்டர் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் பேசிவிட்டேன். தைரியம் என்று சொல்லமாட்டேன். அவன் கேட்டதற்கு விடை தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் வாயை மூட முடியவில்லை.

"ரெண்டுமே இங்க போட்டதுதாங்க. இந்தப் பேப்பரு இந்த பிரிண்டர்லேருந்து வந்தது. போன்ல இருக்கறத நாந்தான் எழுதுனேன், உங்க வீட்டம்மா உள்ள இருக்கறப்பவே எழுதிட்டேன். நாங்க பின்னாடி மாத்தல. பேப்பர் எடுக்கறப்ப அது இங்க வந்து சேரல."

மேனேஜர், "ஏம்மா" என்றார். அவன் அவரைப் பார்க்கவில்லை.

"எழுதிட்டீங்க. ஆனா வந்து சேரல."

"ஆமாங்க."

"அப்ப அது எங்க இருந்துச்சு?"

"என் ரூம்ல இருக்கற கம்ப்யூட்டர்ல."

அவன் திரும்பி வராண்டாவைப் பார்த்தான். அந்தக் கோடியில் என் அறை தெரிந்தது. கதவு திறந்திருந்தது. நாற்காலியில் என் துப்பட்டா தொங்கியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் அந்த வராண்டாவைக் கடக்கச் சில மூச்சுகள் போதும்.

"அந்த ரூமா?"

"அந்த ரூம்தான்."

அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "எங்கம்மாகிட்ட வந்து நீங்களே இத ஒரு தடவ சொல்லுங்க. நா சொன்னா அது நம்பாது" என்றான்.

காரில் பின் சீட்டில் அந்தப் பெண் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் மாமியார். நான் குனிந்து, அவரிடம் சொன்னேன். தாள் தவறாகத்தான் வந்தது, அதை நம்பியதில் உங்கள் பிழை எதுவும் இல்லை, வராண்டாவில் கரண்ட் போனதில் வந்த வினை என்றேன். அவருக்கு எந்த அளவுக்குப் புரிந்தது என்று தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ புள்ளத்தாச்சியா இருந்து பெத்தவதானம்மா?" என்றார். "இதுக்கு மாரு ரெண்டும் கல்லு மாதிரி கட்டிக்கிச்சு. காய்ச்சலடிக்குது. மல்லிப்பூவ வெச்சுக் கட்டுனா பாலு வத்தும்பாங்க. இந்தப் பனியில எங்கயும் பூவு கெடைக்கல. இங்க கடைத்தெருவுல இருக்குமா?"

இருக்கும் என்றேன். மேனேஜர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கடைத்தெருவுக்கு நடந்தேன். முதல் கடையில் கனகாம்பரம்தான் இருந்தது. இரண்டாவது கடைக்காரர் ஈரத்துணியை விலக்கி, மொட்டாக இருந்த கொஞ்சம் மல்லியை எடுத்துக் காட்டினார். "விசேஷமா? முழமாக் கட்டித் தரவா?" என்று கேட்டார். உதிரியாகவே போதும் என்றேன்.